ஸ்டெல்லா அக்காவின் தாச்சி

ஜூலை 4, வியாழன்

கச்சான் காற்று. ஜன்னலைத் திறந்தால் மேசை முழுவதும் மணல். மூடினால் புழுக்கம். திறந்தே கிடக்கட்டும்.

மதியம் கந்தோரில் மறுபடியும் பக்கத்து மேசை றிஸ்னாவின் சோற்றுப் பார்சல். கிண்ணியா வீட்டிலிருந்து தினமும் இரண்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அவளுடைய உம்மாவின் ஏற்பாடு. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். பதிலுக்கு நான் கொடுத்தவை: தேநீர், டொபி, ஒரு புத்தகம் (இன்னும் வாசிக்கவில்லை).

"சனிக்கிழமை என்ர அறைக்கு வா. நான் சமைக்கிறன்."

"நீயா? அடுப்பு இருக்கா?"

"ஓம். ஒண்டு."

"அப்ப வாறன். சாப்பிட ஏலாட்டி அழக்கூடா."

சொல்லியாயிற்று. இனிப் பயம். என் கைச் சமையலை அவள் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 5, வெள்ளி

இருப்பவை: ஒற்றை அடுப்பு, சோறு அவிக்கும் மின்சட்டி, சாப்பிட இரண்டு பீங்கான், மொட்டைக் கத்தி.

இல்லாதது: தாச்சி.

கோழி, கிழங்கு, கரட், போஞ்சி. எல்லாம் ஒரே தாச்சியில், மூடி போட்டு. ஒற்றை அடுப்புக்கு வேறு வழி?

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா தன் இரும்புத் தாச்சியைத் தந்தார். நங்கூரம் போலக் கனம். "கொண்டு போ தங்கச்சி. இது அடிப்பிடிக்காது."

ஜூலை 6, சனி

சந்தை. கோழி முஸ்லிம் கடையில். ஹலால்தானா என்று திரும்பவும் கேட்டேன். கடைக்காரர்: "புள்ள, எண்ட தாடியப் பாத்துமா கேக்குறீங்க?"

மாலை. வாசலில் போட்ட கரட் தோலை, இந்த ஊர்த் தெருக்களில் மாடு போலத் திரியும் மான் ஒன்று வந்து தின்றது. கோழிக்கு மஞ்சள், மிளகாய்த்தூள், தேசிக்காய். அடியில் கிழங்கு, மேலே கோழி, கடைசியில் போஞ்சி. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. மூடியைத் திறந்தேன். நானா சமைத்தேன் என்கிற மணம்.

மதிலுக்கு மேலால் ஸ்டெல்லா அக்கா: "மணக்குது! அது அந்தத் தாச்சியின்ர குணம். நத்தார்ப் பெருநாளுக்கு அதிலதான் பண்டி இறைச்சி வைச்சனான். வழிச்சுத் திண்டவங்கள்."

பண்டி. பன்றி.

கோழியை விசாரித்தேன். தாச்சியை விசாரிக்கவில்லை.

சொல்லாவிட்டால் றி.க்குத் தெரியாது. இந்த எண்ணம் வந்தது. சற்று நின்றது. போனது.

வாசலிலேயே சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகத்தைப் பார்க்கப் பயந்து அவளுடைய கைப்பையைப் பார்த்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

"அழாத புள்ள. மணக்கிறது ஹராம் இல்லயே. நல்லா மணந்துட்டுப் போறன்."

மின்சட்டிச் சோறு, கடைத் தயிர், வாழைப்பழம். கோழி முழுவதும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு. நானும் தொடவில்லை.

போகும்போது: "தாச்சியத் திருப்பிக் குடுத்திராத. உம்மாட்டக் கேட்டுச் சொல்றன்."

ஜூலை 8, திங்கள்

உம்மாவின் தீர்ப்பு: ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். பிறகு தாராளமாகச் சமைக்கலாம்.

"அந்தப் புள்ளைக்குச் சமைக்கத் தெரியுமாண்டும் கேட்டா."

"நீ என்ன சொன்னனி?"

"மணக்க வைக்கத் தெரியும் எண்டன்."

ஜூலை 13, சனி

காற்று விழுந்துவிட்டது. றி. நேரத்தோடு வந்தாள், கையை மடித்துவிட்டுக்கொண்டு. பின்பக்கக் குழாயடி. மண் கிண்டியது நான். எண்ணியது அவள். மதிலில் ஸ்டெல்லா அக்காவின் தலை.

"என்ன பிள்ளையள், என்ர தாச்சிக்கு ஞானஸ்நானமோ?"

கோபிப்பாரோ?

றி.: "ஓம் அக்கா. பேர் வைக்க நீங்க வாங்க."

வந்தார். என் கையிலிருந்த தேங்காய்ப் பொச்சைப் பிடுங்கித் தானே தேய்த்தார். நாலா, ஐந்தா என்று இருவருக்கும் சண்டை. நாலிலிருந்து மறுபடியும்.

"இனி இது இங்கயே இருக்கட்டும். பண்டிக்கு நான் வேற பாக்கிறன்."

அதே கடைக் கோழி. அதே கிழங்கு, கரட், போஞ்சி. மூன்று பேர், இரண்டு பீங்கான். எனக்கு மூடி.

றி. முதல் வாய் வைத்தாள். மென்றாள். நான் மூச்சு விடவில்லை. ஸ்டெல்லா அக்காவும் விடவில்லை.

"உப்புக் கூடிப்போச்சு."

பீங்கானை நீட்டினாள்.

"கிழங்கும் போடு."