என் கையால் எழுதிய பெட்டிசம்

7 மார்ச் 1980, வெள்ளி
நெருப்பு வெயில். கோயிலுக்குச் சூறாவளிக்குப் பிறகு போட்ட தகரக் கூரை. உள்ளே ஒரே அவியல். சைக்கிள் பின்சில்லுக்குக் காற்று இல்லை.

பின்னேரம் பசாம், ஆண்டவர் பாடுகளின் வாசிப்பு. முடிந்ததும் புதுச் சுவாமி அறிவித்தார்: பெரிய வெள்ளியன்று கடைசிப் பங்கை, ஆண்டவரை அடக்கம் செய்கிற இடத்தை, திரேசம்மா வாசிப்பாளாம். மீன் விற்கிற விதவை! பதினொரு வருடம் நான் வாசித்த பங்கு. அதற்கு முன் அப்பா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீ.

9, ஞாயிறு
மறைக்கல்வி வகுப்பு. பாடம்: மேய்ப்பர்களுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும். வருடா வருடம் நான்தான் எடுக்கிறேன். கரும்பலகையில் எழுதியவை: நமக்காகக் கடவுளிடம் பதில் சொல்லப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் மனம் நொந்து உழைத்தால் நட்டம் நமக்கு. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சபை நிற்காது. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. நல்ல நடிகன்.

வெளியே கோயில் மூப்பர் காத்து நின்றார். "சுவாமிக்கு எதிரா ஆயருக்கு ஒரு பெட்டிசம் எழுதிப் போடுவம் மாஸ்டர். உங்கட கையெழுத்துத்தான் வடிவு."
ஓம் என்றேன்.

12, புதன்
கல்முனைச் சந்தை. தாள், நீல மை, இஞ்சி, சைக்கிள் டியூப்.
கடைக்கார முஸ்லிம் காக்கா: "என்ன மாஸ்டர், இவ்வளவு தாள்?" விசயத்தைச் சொன்னேன்.
"எங்கட பள்ளியில இமாம் தொழுகையில பிழை விட்டா, பின்னுக்கு நிக்கிற நாங்க 'சுப்ஹானல்லாஹ்' எண்டு சத்தமாச் சொல்லுவம். அவர் விளங்கித் திருத்திக்குவார். வரிசைய விட்டுட்டு வெளியால போகமாட்டம். நீங்க சுவாமிக்கிட்ட நேர சொன்னீங்களா?"
"இல்லை."
"அப்ப தாள வெச்சிட்டுப் போங்களன்."
எரிச்சல். எங்கள் கோயில் விசயம் இவருக்கு என்ன? தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

13, வியாழன்
எழுதி முடித்தேன். நான்கு பக்கம். மூப்பர் படித்துவிட்டு, "இது காணா. அவ சுவாமிர வீட்டுக்குத் தனியப் போறா எண்டும் போடுங்க" என்றார்.
திரேசம்மா அங்கே போவது வாசித்துப் பழகத்தான். மாமியாரும் கூடவே போய் விறாந்தையில் இருக்கிறாள். கண்ணால் கண்டிருக்கிறேன். இருந்தும் எழுதினேன், 'தனியே' என்று. ஒன்பது பேர் ஒப்பம். முதல் ஒப்பம் என்னுடையது.

30, குருத்து ஞாயிறு
மப்பு வானம். பூசை முடிவில் சுவாமி ஆயரின் கடிதத்தை வாசித்தார். கடைசிப் பங்கு இனிப் பழையபடி எனக்கே.
"எனக்கு இது சரியாத் தெரியல்ல. அத ஆயருக்கே எழுதியிருக்கன். ஆனா அவர் சொன்னபடிதான் செய்வம்." அவ்வளவுதான். யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூப்பர் என் தோளில் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் பல்லை இளித்தேன். தூ.

வாசலில் திரேசம்மா. "சுவாமி வாசி எண்டார், பழகினன் மாஸ்டர். இப்ப வேணாமாம், சரி. ஆனா தனியப் போனன் எண்டு ஆரோ எழுதியிருக்காங்களாம். மூப்பர்ர பெண்சாதி சந்தையில கதைச்சிருக்கா. உங்களுக்கு ஆளத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.

4 ஏப்ரல், பெரிய வெள்ளி
மூன்று மணி. வேர்வை. கோயில் நிறைந்த சனம். மூப்பர் முன்வரிசையில் தூங்கி விழுகிறார். திரேசம்மா பெண்கள் பக்கத்தில், மாமியாரோடு. வராமல் இருந்திருக்கலாம்.
கடைசிப் பங்கு வாசித்தேன். குரல் நன்றாகவே வந்தது, அதுதான் அசிங்கம். அடக்கம் செய்கிற இடத்தில், வாசிக்கிறவன் சொன்னால் சபை முழங்காலில் நிற்க வேண்டும். எங்கள் கோயிலில் அது முறை. புத்தகத்தின் தாளை வீணாக ஒருமுறை புரட்டினேன். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னேன்.
எல்லோருக்கும் முதல் திரேசம்மாதான் முழங்காலில் நின்றாள்.