விசாரணைக்குச் சொன்னது

திருச்சி,
28.4.1984

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை காலம் பேசாமல் இருந்தது போதும் என்றுதான் எழுதுகிறேன். இங்கு நானும் வீட்டாரும் நலம்.

உன் மகள் செவ்வந்தியின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. மஞ்சள் தடவ மறக்கவில்லை. தாய்மாமன் என்ற இடத்தில் தங்கமணியின் பெயர் மட்டும் இருக்கிறது. உனக்குத் தம்பிகள் இரண்டு பேர். மூத்தவன் நான்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். பதினைந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் நிலம் போய்விடும் என்று சட்டம் வந்த சமயம். அப்பா என்னைக் களத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: “சண்டை போட்டுக்கிட்டு எப்பவோ பாகம் பிரிஞ்சு போயிட்டேன்னு விசாரணையில சொல்லிடு. அது முடியிறவரைக்கும் ஊர்ப்பக்கம் வராத. விவசாயச் சங்கத்துக்காரங்க பாத்துக்கிட்டே இருக்காங்க. வெறும் பேச்சுக்குத்தாண்டா.”

பொங்கலுக்கு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. தாலுகா ஆபீஸில் அப்பாவுக்கு எதிரே நின்று சொல்லவேண்டியதைச் சொன்னேன். நிலம் தப்பியது. அதன்பிறகு “வாடா” என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். யாரும் போடவில்லை. அப்பா இறந்தபோது தலைமகன் நான் நிற்க, கொள்ளியைத் தங்கமணி கையில் கொடுத்தார்கள். “பெரியவன்தான் பிரிஞ்சு போனவனாச்சே” என்றார் இளையபெருமாள் சித்தப்பா. ஊரை அவ்வளவு நன்றாக நம்பவைத்திருக்கிறோம்.

என் பெயரை ஏன் விட்டாய் என்று நீயே எழுது.

இப்படிக்கு,
உன் தம்பி
நாகநாதன்


பட்டுக்கோட்டை,
5.5.1984

தம்பி நாகநாதனுக்கு அக்கா தங்கம்மாளின் ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சௌக்கியம். உன் கடுதாசியைப் பார்த்ததும் கோபமாக எழுதினாலும் எழுதினாயே என்று சந்தோஷப்பட்டேன்.

பேரைப் போட்டு நீ வராமல் போனால் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அதனால் விட்டேன். வருகிறேன் என்று எழுது. மாலை எடுத்துக்கொடுக்க உன்னைத்தான் நிறுத்துவேன். தங்கமணியிடம் கேட்டுவிட்டேன். “அண்ணன் வந்தா நான் பந்தியைப் பாத்துக்கிறேன்” என்றான்.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று குறைகிறது. சாட்சி சொல்ல நானும்தான் வந்திருந்தேன். பேச்சுவார்த்தை இல்லை, தனியாக இருக்கிறேன் என்பதுதான் அப்பா சொல்லிக்கொடுத்தது. நீ அதோடு நிற்கவில்லை. “இவரு என்னை மகனாவே பாத்ததில்லைங்க. எல்லாம் சின்னவனுக்குத்தான்” என்றாய். உன் குரல் உடைந்தது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார்: “ஏம்மா, அவன் நடிச்சானா, நெசமாவே சொன்னானா?”

“நடிப்புதாம்ப்பா. படிச்ச பய, பேசத் தெரியாதா?” என்றேன்.

சிரித்தார். பிறகு நான் கார்டு போடச் சொன்னபோதெல்லாம், “அவனா வரட்டும். வந்தா நடிச்சான்னு தெரிஞ்சுக்கலாம்” என்பார்.

அம்மாவும் இப்போது அதையேதான் கேட்கிறாள். கண் சரியாகத் தெரியவில்லை. அது நடிப்புதான் என்று அவளுக்கு ஒரு வரி எழுது, படித்துக் காட்டுகிறேன். பிறகு நீ வந்து நின்றால் போதும். யாரும் எதுவும் கேட்கமாட்டோம்.

அக்கா
தங்கம்மாள்


திருச்சி,
11.5.1984

அக்கா,

அப்பா என்னிடம் கேட்கவேண்டியதை உன்னிடம் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தார். திருச்சிக்குப் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தங்கமணிக்குக் காமாலை வந்தபோது அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நாகூருக்குப் போனார். நான் டைபாய்டில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடவு நடக்கிறது என்று பண்ணையாள் மருதையனை அனுப்பினார். எனக்குக் கஞ்சி ஊட்டியது மருதையன்தான். குறைந்தபட்சம் இதைச் சொல்லவாவது வீட்டில் எனக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் யாரோ ஓர் அதிகாரி பேனாவும் கையுமாக உட்கார்ந்து, “சொல்லுங்க தம்பி” என்றார். சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் நல்ல பசி. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். வந்து நின்றால் அன்று நடித்தேன் என்று ஆகிவிடும். தங்கமணியே மாலை எடுத்துக்கொடுக்கட்டும். செவ்வந்தி நன்றாக இருக்கட்டும்.

நீ கேட்ட வரி இது: ‘அம்மா, அன்று நான் சொன்னது எல்லாம் நடிப்பு.’ இதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டு.

பெயரை எழுதலாம் என்றுதான் பேனாவைக் கீழே கொண்டுபோனேன். உனக்கு எழுதியிருப்பது நிஜம், அம்மாவுக்கு எழுதியிருப்பது பொய். இரண்டுக்கும் சேர்த்து என் பெயரைப் போட முடியவில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.