வெனிஸ் புத்தகத்துக்குப் பொட்டு

என் அன்பு அண்ணா,

கிரவீனில் உங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை நடந்தது. நீங்கள் போன பிறகு வந்த முதல் பூசை. கடலையும் அவலும் வழக்கம் போல ருசியாகத்தான் இருந்தன. நான்தான் ஒரு பிடியோடு தட்டை வைத்துவிட்டேன்.

கும்பத்தடியில், பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களுக்கு மேல், உங்கள் வெனிஸ் புத்தகம் விரித்தபடி இருந்தது. பழைய லத்தீன் கதைகளின் இத்தாலிய மொழிபெயர்ப்பு. வெனிஸில் அச்சாகி நானூறு வருடங்களுக்கு மேல். நீங்கள் செவன் ஹில்ஸில் வாடகைக்கு இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தந்துவிட்டுப் போனது. அவரிடமே அந்த மொழியையும் படித்தீர்கள்.

அதிலிருந்த மரச்செதுக்குப் படங்களுக்காக அண்ணி உங்களை என்ன பாடு படுத்தினார்! "உடுப்பில்லாத பொம்பிளையளின்ர படத்தை வளந்த பிள்ளை இருக்கிற வீட்டில வைக்கிறதே?" நீங்கள் அதைக் கராஜுக்குக் கொண்டுபோனீர்கள். குளிருக்குள் கம்பளித் தொப்பியோடு அங்கே இருந்து வாசித்தீர்கள். ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தர ஆளிருந்ததா?

இப்போது அந்தப் படத்துப் பெண்களில் ஒருத்தியின் நெற்றியில் பொட்டு. ஓடும்போதே மரமாகிப் போகிறாளே, விரல்களில் இலை துளிர்க்க, அவள்தான். உங்களுக்கு மிகவும் பிடித்த பக்கம். சந்தனம் குழைத்து, அதற்கு மேல் குங்குமம். ஈரம் மறுபக்கத்து எழுத்து வரைக்கும் ஊறிவிட்டது.

"ஏன் அண்ணி?" என்றேன்.

"அவர் உயிரா வைச்சிருந்த புத்தகம். பூசையில வைக்காட்டி அவற்ற ஆத்துமா சாந்தியடையுமே?" என்று கண்ணைத் துடைத்தார். அது பொய் அழுகையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உங்கள் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்டெயின், மாமி."

புத்தகம் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும், நாலு பேர் வாசிக்க வேண்டும் என்று ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்து எங்கள் மூவரிடமும் சொன்னீர்கள். நூலகத்துப் பெண் கறையோடேயே வாங்கிக்கொள்கிறோம் என்கிறாள். அண்ணிதான் விடுகிறார் இல்லை. "சாமிக்கு வைச்சதை வெளியில குடுக்கிறதே? குடும்பத்துக்குக் கூடாது." பட்டுத்துணியில் சுற்றி, மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். இனி அதை ஒருவரும் திறக்கப் போவதில்லை.

பூசைக்கு வைத்த புத்தகத்தை விஜயதசமியன்று எடுத்து வாசிக்க வேண்டும், வாசிக்காமல் விடுவதுதான் குற்றம் என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பாசை இஞ்ச ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். உண்மைதான். தெரிந்த ஒரே ஆளை எரித்துவிட்டோமே.

அடுத்த விஜயதசமிக்கு வருவேன், அண்ணா. எல்லார் முன்னாலும் துணியை அவிழ்த்து, ஒரு சொல்லும் விளங்காமல், எழுத்தெழுத்தாகச் சத்தம் போட்டு வாசிப்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வாசித்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு போய் நூலகத்தில் கொடுப்பேன். அதோடு அண்ணி என்னை வாசல்படி மிதிக்க விடமாட்டார் என்று தெரியும். நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கு வேறென்ன வேலை?

உங்களோடு கூடப்பிறந்தவள்,
உங்கள் தங்கச்சி