அஷ்டமியில் போடாத கையெழுத்து

என் அருமை அப்பா,

பாசம் பாதி, கோபம் பாதியாகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முடிக்கும்போது எது மிஞ்சும் என்று எனக்கே தெரியவில்லை. நாலு பேர் படிக்கப்போகிற கடிதம் இது. கல்கத்தா லேக் மார்க்கெட்டில் உங்களைத் தெரிந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியே எழுதுகிறேன். முழுதாகக் காப்பாற்ற வழியில்லை.

போன சனிக்கிழமை அலிப்பூரில் ஒரு பழைய கார் பார்க்கப் போனேன். அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, ஆட்டோவில் ஏறி இறங்க முடிவதில்லை. தரகர் வழக்கமான பல்லவியையே பாடினார். ஒரே ஆள் வைத்திருந்த வண்டி, டாக்டர் ஓட்டியது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்தது. இந்த ஊரில் விலைக்கு வரும் பழைய கார் எல்லாம் எப்படி அப்பா டாக்டருடையதாகவே இருக்கிறது? அத்தனை டாக்டர்களும் வாரம் முழுக்க எதில் போகிறார்கள்?

நீங்கள் செய்வதைப் போலவே செய்தேன். கிலோமீட்டர் முள்ளை நம்பவில்லை, பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். கால்மிதியைத் தூக்கி முகர்ந்தேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு. மழைத் தண்ணீரில் நின்ற வண்டி. கேட்டால், "அது டீக் கறை, தீதி" என்கிறார். சீட் பெல்ட்டுக்கும் டீ கொடுத்து வளர்த்த டாக்டர் போலிருக்கிறது.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று கிளம்பும்போது அவர் வேறொரு வண்டியைக் காட்டினார். "இதை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போங்கள். நாம் பொரே ஹொபே, தீதி" என்றார். பேர் மாற்றுவது பிறகு ஆகட்டும் என்று அர்த்தம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாவம், அந்த மனிதர் என்ன செய்வார். எனக்கு வந்தது உங்கள் மேல் கோபம்.

மோட்டார் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக நான் செய்வது ஒன்றுதான். வண்டியை விற்றால் உடனே பேர் மாற்றுங்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தொண்டை வறளச் சொல்வது. என்றைக்கோ விற்ற கார் எங்கோ ஒருவரை இடித்துவிட, பழைய சொந்தக்காரர் கோர்ட்டு வாசலில் நிற்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவளின் சொந்த அப்பா நீங்கள். நம் நீலக் காரை விற்றீர்களே, பேரை மாற்றினீர்களா?

விற்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாங்கியவர் தபன்-தா, கிடர்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். துர்கா பூஜையில் அஷ்டமி அன்று காலையில், புதுச் சட்டையும் நெற்றியில் குங்குமமுமாக வந்தார். வருஷத்திலேயே பெரிய நாளில் வண்டியை எடுத்து, குடும்பத்தோடு பந்தல் பந்தலாகச் சுற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. பணத்தை வாங்கினீர்கள். சாவியைக் கொடுத்தீர்கள். கையெழுத்துப் போடவேண்டிய தாளை நீட்டியதும் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்.

"அஷ்டமி அன்னிக்கு நான் எதுலயும் கையெழுத்து போடமாட்டேன், தபன். நாளைக்கு நவமி, அதுவும் வேண்டாம். தசமிக்கு வா" என்று உங்கள் உடைந்த வங்காளியில் சொன்னீர்கள். அந்த மனிதர் முழித்த முழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஊரே அஷ்டமி அஷ்டமி என்று கொண்டாடுகிறது. நீங்களே குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு துர்கைக்குப் பூ போட்டு அஞ்சலி செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பந்தலில் கொடுக்கும் கிச்சடிப் பிரசாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிடப்போகிறீர்கள். சாப்பிட ஆகிற அஷ்டமி கையெழுத்துக்கு மட்டும் ஏன் ஆகவில்லை?

தசமிக்கு எல்லா அலுவலகக் கதவும் சாத்தியிருந்தது. அப்புறம் லட்சுமி பூஜை, காளி பூஜை, அண்ணன் தம்பிக்குப் பொட்டு வைக்கும் பாய் ஃபோட்டா. அதற்குள் மார்கழி வந்துவிட்டது, நமக்கு ஆகாது. அவர்களுக்குப் பௌஷ் மாதம், அதுவும் ஆகாது. நீங்களும் தபன்-தாவும் முழு மனதாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அதற்குப் பிறகு அவருக்குப் பரீட்சைக் காலம் வந்தது, உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. சித்திரை முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

நீங்கள் போனபிறகு உங்கள் ஃபோனை அம்மா அணைக்கவே இல்லை. தினமும் சார்ஜ் போட்டுப் பூஜை அலமாரிப் பக்கத்தில் வைப்பாள். உங்கள் குரல் ஏதாவது அதில் இருக்கிறது போலும் என்று நானும் கேட்காமல் விட்டேன். ஒருநாள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "இன்னிக்கு அப்பா ஹேஸ்டிங்ஸ் பக்கம் போயிருக்கார்டி" என்றாள். எந்த டாக்டரிடம் காட்டுவது என்று அலுவலகத்தில் ரகசியமாக விசாரிக்கக்கூட ஆரம்பித்தேன்.

ஃபோனை வாங்கிப் பார்த்தபிறகுதான் புரிந்தது, அம்மாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நீலக் கார் உங்கள் பேரில் இருந்ததால், தபன்-தா சிகப்பு விளக்கைத் தாண்டினாலும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினாலும், போலீஸ் அபராதச் சலான் உங்கள் ஃபோனுக்கு வந்திருக்கிறது. நாள், நேரம், இடம் எல்லாம் போட்டு. நீங்கள் உயிரோடு இருந்தபோதே அதைச் சத்தமாகப் படித்துக்காட்டிச் சிரிப்பீர்களாம். "பாத்தியா, நம்ம வண்டி இன்னிக்கு ஹவுரா வரைக்கும் போயிருக்கு" என்பீர்களாம். அபராதத்தைக் கட்டிவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விட்டீர்களா? மகள் கத்துவாள் என்ற பயம்தானே?

இந்த வருஷம் ஆடி மாத மழையில் ஒரு போலீஸ்காரர் அந்த நம்பருக்கே கூப்பிட்டார். தெருவில் முழங்கால் தண்ணீர், நடுவில் நீலக் கார் நின்றுபோய் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஃபோனை எடுத்தது அம்மா. நடராஜன் பாபு இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். "உனி நேய்" என்றாளாம் அம்மா. நம் பேச்சில் 'அவர் இல்லை' என்றால் எப்படி இரண்டு அர்த்தமோ, வங்காளியிலும் அப்படித்தான். வெளியே போயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, எப்போது திரும்பி வருவார் என்று அவர் கேட்டிருக்கிறார்.

"சாயந்திரம் வருவார்னு சொல்லிட்டேன்டி" என்றாள் அம்மா, நான் அலுவலகத்திலிருந்து வந்ததும். "வாயில அதுதான் வந்துது."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அந்தப் போலீஸ்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன், தபன்-தாவின் இப்போதைய நம்பரையும் வாங்கினேன். வண்டி இனி உங்கள் பேரில் இருக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். விளக்கி விளக்கிச் சொன்னேன். நாளைக்கு அந்தக் கார் யாரையாவது அடித்துவிட்டால் நோட்டீஸ் இந்த வீட்டுக்கு வரும், நீதான் போய் நிற்கவேண்டியிருக்கும், உன் முட்டியை வைத்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறமுடியுமா என்றெல்லாம் கேட்டேன்.

"ரேஷன் கார்டுல எடுத்தே. பேங்க்ல எடுத்தே. கேஸ் புக்குல எடுத்தே. எல்லா எடத்துலயும் அவர் பேரை நீதான் எடுத்தே. காருல மட்டும் விட்டுடேன், சுதா. ஒரு எடத்துலயாவது இருக்கட்டுமே" என்றாள்.

இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியபோது, நான் ஏதோ கடமையைச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அம்மா கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நீங்கள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

ஆனாலும் விடுவதற்கில்லை. அடுத்த ஞாயிறு அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிடர்பூர் போனேன். நீங்கள் இல்லை என்பதே தபன்-தாவுக்கு அதுவரை தெரியாது. சொன்னதும் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார். "நல்ல நாள் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று நடராஜன் காக்கு சொல்லியிருந்தார், மாஷிமா. நம்பர் மாறினபோதுகூட முதலில் அவருக்குத்தான் மெசேஜ் அனுப்பினேன். கூப்பிடவே இல்லை. இன்னும் நாள் சரியாக அமையவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்" என்றார். சலான் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு முகம் செத்துவிட்டது. தனக்கு ஒரு சலான்கூட வராததால், கல்கத்தாவிலேயே ஒழுங்காக ஓட்டுகிறவன் தான்தான் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டிருந்தாராம்.

கையெழுத்துப் பேச்சை எடுத்ததும் அம்மா எதிரில் இருந்த சந்தேஷ் இனிப்புத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் வற்புறுத்தவில்லை. திரும்பும்போது தபன்-தா எங்களை நீலக் காரிலேயே கொண்டுவிடுகிறேன் என்றார். அம்மா முன்சீட்டில், அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் ஏறிக்கொண்டாள். சீட் உறை மாறியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே காளி படம். கதவுக் கைப்பிடியை மட்டும் தடவிக்கொண்டே வந்தாள்.

அலிப்பூர் தாண்டுவதற்குள் அந்தக் கணக்கு வாத்தியார் இரண்டு சிகப்பு விளக்கைத் தாண்டிவிட்டார். ஒரு பஸ்ஸை இடதுபக்கமாக முந்தினார். மூன்றாவது சிக்னலையும் தாண்டப்போனபோது அம்மா கையை நீட்டி, "தாடாவ்" என்றாள். நில் என்று. நம் வீட்டில் என்னை அதட்டுகிற அதே குரல். வண்டி குலுங்கி நின்றது.

இறங்கி மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியாக நின்று நின்று பேசினாள். "உங்க அப்பா ஒரு தடவைகூட சிகப்பு விளக்கைத் தாண்டினது இல்லை. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லாட்டியும் நிப்பார். நான் எத்தனை தடவை சலிச்சுட்டிருக்கேன். அந்த மனுஷன் பேர்ல இத்தனை குத்தம் எழுதி வெச்சிருக்காங்களே. அவர் பேர் கெட்டுப்போகுதுடி." மேல்படியில் மூச்சு வாங்க நின்றாள். "எங்க போடச் சொன்னாலும் கையெழுத்து போடறேன். மாத்திடு."

அலிப்பூர் கோர்ட்டில் உறுதிமொழிப் பத்திரம், வாரிசுச் சான்று, நான்கு பிரதி, ஆறு புகைப்படம் என்று அந்த அலைச்சலை உங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது. மோட்டார் வாகன அலுவலகத்தில், விற்பவர் என்ற இடத்தில் உங்களுக்குப் பதிலாக அம்மா தன் பேரை எழுதினாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அங்கிருந்த பெண்ணிடம், இனிமேல் இந்த ஃபோனுக்குச் செய்தி எதுவும் வராதா என்று கேட்டாள். "ஒன்றும் வராது மாஷிமா, இனிமேல் நிம்மதியாக இருக்கலாம்" என்றாள் அந்தப் பெண், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கீழே கோடு போட்டு முடித்தாள்.

நேற்று உங்கள் ஃபோனுக்குக் கடைசிச் செய்தி வந்தது. வண்டி வேறு பேருக்கு மாறிவிட்டது என்று. அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எப்போதும்போலக் கீரை ஆய உட்கார்ந்தாள். சாயந்திரம் ஆறு மணிக்கு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். இன்னொரு முறை எடுத்தாள். "எங்க இருக்கார்னு இனிமே தெரியாது, இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தப் பெரிய கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா, அப்பா? இருந்தால் ஒரு கனவிலாவது வந்து அம்மாவிடம் சொல்லுங்கள்.

என்னால் ஆனது ஒன்று இருக்கிறது. நாற்பத்துநாலு வயதிலும், எங்கடி இருக்கே என்று அம்மா ஃபோனில் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சின்னப் பெண்ணா நான் என்று எரிந்து விழுவேன், பல நாள் எடுக்கவே மாட்டேன். இனி அப்படியில்லை. அவள் கேட்பதற்கு முன்னால், தினமும் ஆறு மணிக்கு நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். ஹேஸ்டிங்ஸ் என்றால் ஹேஸ்டிங்ஸ், ஹவுரா என்றால் ஹவுரா, நாள், நேரம், இடம் எல்லாம் சேர்த்து. இன்றைக்குச் சொல்லிவிட்டேன். "அம்மா, மெட்ரோ வாசல்ல இருக்கேன், மழை இல்லை, வந்துட்டே இருக்கேன்" என்றேன். "சரி, வா" என்றாள்.

உங்கள் பேரின் முதல் எழுத்தை என் பேருக்கு முன்னால் வைத்திருக்கும்,
உங்கள் மகள்,
ந. சுதா