ரிங்லெட் என்று மூன்று முறை

அண்ணி,

இன்று காலை பிள்ளைக் கொட்டகையில் பால் போத்தல்களில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். தாய்மார்கள் தேயிலைக் கொழுந்து பறிக்க மலையேறிவிட்டால் எந்தப் போத்தல் யாருடையது என்று எனக்குத்தான் தெரிய வேண்டும். நாலாவது போத்தலில் ரிங்லெட் என்று எழுதினேன். ஏழாவதிலும் அதே பேர். வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள் கும்பிட்டுப் பேர் வைக்கப்போகிற கீழ் லயத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே பேர்தானாம். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. இந்தக் கூத்தைப் பார்க்க நீங்கள் இல்லையே.

உங்கள் மகளுக்கு அந்தப் பேரை வைத்தபோது இங்கே யார் சிரிக்கவில்லை? மழையில் மண் சரிந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை அடைபட்ட பகல் அது. தோட்டத்து வேன் ரிங்லெட் டவுனைத் தாண்டவில்லை. ஒரு காய்கறிக் கடைக்குள், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில்தான் உங்களைப் படுக்க வைத்தோம். கடைக்காரச் சீன அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு உங்கள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எதிர்ச் சாப்பாட்டுக் கடை மலாய்க்கார அம்மா சுடுதண்ணீரும் புதுச் சாரோங்கும் கொண்டு ஓடிவந்தார். பிள்ளை அழுததும் வெளியே மழையில் நின்ற சனம் கைதட்டியது.

"இந்த ஊரே எனக்குப் பிரசவம் பாத்துச்சு, புள்ள. இவளுக்கு ரிங்லெட்டுன்னுதான் பேரு" என்றீர்கள். மயக்கத்தில் பேசுகிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

முப்பதாம் நாள் வந்தது. அண்ணன் கோயிலில் கேட்டு வந்த பேர் யுகஸ்ரீ. அத்தைக்காரி நான்தான் பிள்ளை காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். "டவுன் பேர வெச்சா சனம் சிரிக்கும்லா" என்று அண்ணன் குதித்தார். நீங்கள் பிள்ளையை மடியிலிருந்து இறக்காமலே கேட்டீர்கள்:

"உங்கப்பா பேரு பழனி. அவரு பழனியப் பாத்திருக்காரா? எங்க அத்தை காசியம்மாவுக்குக் காசி எந்தப் பக்கம்னு தெரியுமா? பாக்காத ஊரு பேர வெக்கலாம், எம்புள்ள விழுந்த மண்ணு பேர வெக்கக் கூடாதா?"

அண்ணன் கேட்கவில்லை. யுகஸ்ரீதான் என்று முடித்துவிட்டார். நான் குனிந்து, வெற்றிலையால் மறைத்துக்கொண்டு காதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது உங்களுக்கும் எனக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் கேட்டது. சந்தேகப்பட்டு அண்ணன் கேட்டபோது, ரிங்லெட் என்றுதான் சொன்னேன் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் "ரிங்லெட்டுக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்று பிள்ளைகள் அவளைக் கேலி செய்வார்கள். அழுதுகொண்டு வருவாள். "பதில் சொல்லிட்டு வந்து அழு" என்று நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள். எனக்கு மனசு கேட்காது, உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து மலை பார்க்க வந்த யாரோ ஒரு பெண், "ஸ்டைலான பேரா இருக்கே" என்றாள். அவ்வளவுதான். வாயைப் பொத்திச் சிரித்த வீடுகளிலேயே பேத்திகளுக்கு அந்தப் பேர். நாம் வைத்தால் கிறுக்கு, வெளியூர்க்காரி மெச்சினால் ஸ்டைல். கேட்டால், நெட்டில் பார்த்து எடுத்தோம் என்கிறார்கள். நெட்டாம்! முட்டைக்கோஸ் கூடைக்கு நடுவில் எடுத்த பேர் அது. கடையில் நடந்த கதையைச் சொல்லாமல் ஒரு தாயிடமும் நான் போத்தலைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

போன மாதம்தான் வயிறு எரிந்தது. நம் ரிங்லெட்டுக்கு ஈப்போவில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை அச்சடிக்கும் சமயத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "டவுன் பேரான்னு எங்க சொந்தக்காரங்க கேப்பாங்க" என்று இழுத்திருக்கிறார். அண்ணன் இதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி, "கோயில்ல குடுத்த யுகஸ்ரீ இருக்கே, அதையே போடுங்க" என்றுவிட்டார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்து உங்கள் மகளும் தலையாட்டிவிடுவாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. ஈப்போவுக்குச் சண்டைக்குப் போகப் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குள் அவளே போன் செய்தாள்.

"அத்தை, நான் அவரு அம்மாகிட்டயே கேட்டுட்டேன். மாமா பேரு சிதம்பரம்தானே, மொதல்ல அத மாத்துங்க, அப்புறம் என் பேர மாத்திக்கலாம்னு. அவரு அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாருலா."

"இத யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. எனக்கே தோணுச்சு."

அண்ணனோடு நீங்கள் போட்ட சண்டையை அவளிடம் நான் சொன்னதே இல்லை, அண்ணி. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். பிள்ளையிடம் புருஷனை விட்டுக்கொடுத்தவரா நீங்கள்?

பத்திரிகை வந்துவிட்டது. ரிங்லெட் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அண்ணன் அதை லயம் முழுக்க அவர் கையாலேயேதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பேர் வைக்கிற பிள்ளைக்கு அத்தை இல்லை. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். காதோடு காதாக, மெதுவாகச் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு அண்ணனுக்குப் பயந்து அப்படித்தான் சொன்னேன். இந்த முறை ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லப்போகிறேன்.