மாவுக் குண்டான் கல்

மரக்காணம்,
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சந்தியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சாப்பிட்டு, வேலைக்குப் போய், வந்து படுத்து என்று இருக்கிறேன், அதை நலம் என்றே வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் குளிரில் சளி கிளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். தினமும் போனில் பேசும்போது இது என்ன கடுதாசி என்று நீ சிரிப்பாய். ஊறுகாய்ப் பார்சல் அனுப்புவதால் அதோடு வைக்கலாம் என்று தோன்றியது, அது ஒன்று. இன்னொன்று, போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. நீ சாப்ட்டியாப்பா தூங்குனியாப்பா என்று கேட்பாய், நான் ம் ம் என்று சொல்லி வைத்துவிடுவேன். போன வாரம் கேட்டாயே, அம்மா செத்ததுக்கு நீ ஒருவாட்டியாவது அழுதியாப்பா என்று, அதற்கு நான் சிக்னல் இல்லை என்று கட் பண்ணினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பாக்கியலட்சுமி அத்தை உனக்குச் சிலது சொல்லச் சொன்னாள், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். பச்சைத்தண்ணீரில் கை வைக்கக்கூடாதாம், பூண்டு நிறையச் சேர்க்க வேண்டுமாம், பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே சாம்பிராணி காட்ட வேண்டுமாம். அங்கே வீட்டுக்குள் புகை போட்டால் அலாரம் அடிக்கும் என்று நீ சொன்னதைச் சொன்னேன், அது இன்னாடா ஊரு, ஒரு சாம்பிராணி போட முடியாத ஊரு என்று தலையில் அடித்துக்கொண்டாள். இதெல்லாம் உங்கம்மா உனக்குச் சொல்ல வேண்டியது, நான் அக்காவிடம் கேட்டுக் கேட்டுச் சொல்கிறேன். இங்கே இந்த வருஷம் கோடை மழை வராததால் உப்பளத்துப் பாத்திகளில் உப்பு நன்றாகப் பூத்திருக்கிறது, வாருவதற்குத்தான் ஆள் போதவில்லை, மேஸ்திரி என்று பெயர், நானும் இறங்கித்தான் வாருகிறேன். என் குதிகால் வெடிப்பு உனக்குத் தெரியும், உப்புத்தண்ணீர் பட்டால் அம்மா ஐயோ என்று கத்துவேன். இந்த வருஷம் நாளெல்லாம் அதில் நிற்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. காலோடு சேர்ந்து எல்லாமே மரத்துவிட்டது, சோறு தின்றாலும் ஒன்றுதான் தின்னாவிட்டாலும் ஒன்றுதான்.

சொல்ல வந்தது நம்முடைய நத்தைக்கல்லைப் பற்றி. கல்யாணமான புதிதில் உங்கம்மா பிறந்த ஊரில் கிணறு வெட்டிப் போட்ட மண்மேட்டில் நான் எடுத்தேனே, சுருள் சுருளாக, இரண்டு கைக்கும் நிறைந்து, பழைய காலத்துக் கடல் உயிர் கல்லாய்ப் போனது. இன்றைக்கு இத்தனை கல் சேர்த்திருக்கிறேன் என்றால் அதுதான் பிள்ளையார் சுழி. அதை நான் துடைத்து டிவிக்கு மேலே ஷோகேஸில் வைப்பேன், சாயங்காலம் பார்த்தால் அடுப்படியில் மாவுக் குண்டான் மூடிக்கு மேல் இருக்கும். பூனை தள்ளாமல் இருக்க அந்தக் கனம்தான் சரி என்பாள் உங்கம்மா. ஷோகேஸ்ல சும்மாதான குந்திகினு இருக்குது, இங்க வந்து ஒரு வேலையாவது செய்யட்டும் என்பாள். நான் எடுத்து வைப்பதும் அவள் கொண்டுபோவதுமாகவே எங்கள் காலம் ஓடியது, வேறு பெரிய சண்டை எங்களுக்குள் இருந்ததில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கல்லால்தான் உனக்கு வாதாங்கொட்டை உடைத்துக் கொடுத்தாள், அதில் ஓரம் பெயர்ந்துவிட்டது என்று நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

கருமாதி அன்றைக்கு நீ அங்கே நிறைந்த வயிற்றோடு போனில் பார்த்துக்கொண்டிருந்தாய், கடற்கரைக் காற்றில் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. உங்கம்மாவுக்குப் பதிலாக நிறுத்திப் படைக்க ஒரு கல் வேண்டும் என்று சடங்கு செய்தவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். எனக்கு அது காதில் விழவில்லை. அத்தைதான் கொண்டுவந்தாள். மஞ்சள் அப்பி, வெள்ளைத்துணி சுற்றி, மேலெல்லாம் பூவாக இருந்தது, அதைக் கல் என்றுகூட நான் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் என்னை இடுப்பளவுத் தண்ணீரில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, அதைத் தோளுக்கு மேலே பின்னால் விடச் சொன்னார்கள், திரும்பிப் பார்க்காமல் நேராக வீட்டுக்குப் போங்க என்றார்கள். விட்டேன், போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. ரொம்ப நாள் கழித்து ஷோகேஸைத் துடைக்கும்போதுதான் நத்தைக்கல் இல்லாதது தெரிந்தது. அத்தையைக் கேட்டேன். அதாண்டா அன்னிக்கு நிறுத்துன கல்லு, அவ கை பட்டதா இருக்கட்டும்னு அடுப்படியிலருந்து எடுத்தாந்தேன், ஏண்டா, அது முக்கியமான கல்லா என்று அவள் பதறிவிட்டாள். இல்லை சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். முன்பு என்றால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன், இப்போது கோபமும் வரவில்லை துக்கமும் வரவில்லை, சரி போகட்டும் என்று மீதிக் கல்லைத் துடைத்து வைத்தேன்.

எங்கள் கல் கூட்டம் மாதாமாதம் நடப்பது உனக்குத் தெரியும். பொம்மையார்பாளையத்தில் சகாயராஜின் மெக்கானிக் கடையில்தான் இப்போதும் கூடுகிறோம், இரும்பை கிராமத்திலிருந்து பழைய பஸ் கண்டக்டர் பலராமன், பெரிய முதலியார்சாவடி ரேகா டீச்சர், நான், அவன். யாராவது புதிதாக ஒன்று சேர்த்திருந்தால் முதலில் கண்ணில் காட்டுவதில்லை, அது எங்கள் வழக்கம். துண்டால் மூடிக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள், ஒவ்வொருவராகத் துண்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவி என்ன என்று சொல்ல வேண்டும், கடைசியில்தான் திறப்பது. சகாயராஜ் பாவம், சேர்ந்த நாளாக அவன் கொண்டுவந்தது எல்லாம் வெந்த செங்கல், சிமெண்ட் உருண்டை, ஒருமுறை டயர் ரப்பர். மரம் இறுகிக் கல்லான கல்மரம் என்று நினைத்துத்தான் கொண்டுவருவான், பலராமன் துண்டைத் தொட்டதும் இன்னாடா இது உங்க வீட்டு அம்மிக்கல்லா என்று ஓட்டுவார். உங்கம்மா போன பிறகு நான் போகவே இல்லை, சித்திரையில் அவனே வண்டியில் வந்து, அண்ணே இந்தவாட்டி நீ இல்லாம நான் துண்டைத் தொறக்க மாட்டேன் என்று பிடிவாதமாகக் கூட்டிப்போனான். பலராமன் தடவிவிட்டு ஒன்றும் ஓட்டாமல் கையை எடுத்தார். ரேகா தடவிவிட்டு சார் இது நெஜம் சார் என்றாள். பிறகு நான் கையை விட்டேன். சுருள் தெரிந்தது. அப்புறம் ஓரத்தில் பெயர்ந்த இடத்தில் என் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது.

சந்தியா, காலில் எரிச்சல் தெரியாதவனுக்கு விரலில் தெரிந்தது. துண்டைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். கையை எடுக்க முடியவில்லை, இன்னாண்ணே தூங்கிட்டியா என்று பலராமன் கேட்டார். திறந்தார்கள், மஞ்சள் எல்லாம் கடல் கழுவிவிட்டது. மரக்காணத்தில் போட் இன்ஜின் ரிப்பேருக்கு வந்த சகாயராஜ் அப்படியே கரையோரம் நடந்தபோது அலை ஒதுக்கிப் போட்டிருந்ததாம். இந்தக் கடற்கரையில் இப்படி ஒன்று கிடைத்ததே இல்லை என்று ரேகா குதிக்கிறாள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாள், சகாயராஜ் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவருகிறான், அவன் கண்ணெல்லாம் தண்ணீர். அவன் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறானாம். இன்னா அண்ணே ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற என்றான். நல்ல கல்லுப்பா என்றேன். பிரியாணியைக் கட்டிக்கொண்டு வந்து அப்படியே நாய்க்கு வைத்தேன். ஆனால் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கல் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. உங்கம்மா போனதிலிருந்து எனக்கு வேண்டும் என்று தோன்றிய பொருள் அது ஒன்றுதான்.

எப்படிக் கேட்பது? அவனுக்கு ஆயுசுக்கும் கிடைத்தது அந்த ஒன்று. கேட்டு வாங்கினாலும் தண்ணீரில் விட்டதை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று வேறு. அத்தையிடம் யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டுப் பார்த்தேன், விட்ட கல்லை அலை கொண்டாந்து போட்டா இன்னா பண்றது என்று. மறுபடி கடல்ல விட்டுட்டு தலைக்கு ஊத்திகினு வரணும், வூட்டுக்குள்ள கொண்டாந்தா போனவ எப்படிடா போவா என்று திட்டினாள். சரி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சகாயராஜ் சும்மா இல்லை, ஒன்று கிடைத்த இடத்தில் இன்னொன்று இருக்கும் என்று காலையில் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சல்லடையை வைத்துக்கொண்டு அலையில் நிற்க ஆரம்பித்துவிட்டான். ரிப்பேருக்கு விட்ட வண்டிக்காரர்கள் எல்லாம் கத்துகிறார்கள். ரேகா பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளைக் கூட்டிவந்து தேடப் போவதாக குரூப்பில் போடுகிறாள். நான் பாத்தி வரப்பில் போகும்போதெல்லாம் தூரத்தில் அவன் குனிந்து குனிந்து எழுவது தெரியும். இல்லாததை ஒருத்தன் தேடுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டு போவது?

போன செவ்வாய்க்கிழமை உப்பு வாருபலகையைப் போட்டுவிட்டு அப்படியே கடலுக்கு நடந்தேன். அவன் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். சகாயம், தேடாதப்பா, அது கடல் குடுத்தது இல்ல, நான் விட்டது, உங்க அண்ணிக்கு நிறுத்துன கல்லு என்று சொல்லிவிட்டேன். அவன் சல்லடையோடு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, அண்ணே இத்தினி வருஷமா நான் கொண்டாந்தது எல்லாம் டூப்ளிகேட்டுன்னீங்க, ஒரே ஒரு ஒரிஜினல் கெடைச்சுது, அது அண்ணியா என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான், சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. அவன் அழுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறேன், கூத்தைப் பார். நீயே வைத்துக்கொள், எனக்குப் பார்த்தால் போதும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், உள்ளுக்குள் வேண்டாம் வேண்டாம் கொடுத்துவிடு என்று இருந்தது. போண்ணே, அண்ணிய நான் எப்படி வெச்சிக்கறது என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவனும் அவன் சம்சாரமும் ஸ்கூட்டரில் வந்தார்கள். அதே துண்டில் சுற்றி, வாசலில் நின்றபடியே என் கையில் கொடுத்தார்கள். அக்கான்னு தெரியாம வெறும் மெழுகுவர்த்திதான் ஏத்துனோம், தெரிஞ்சிருந்தா பூ வெச்சிருப்பேன் என்றது அந்தப் பெண். குரூப்பிலிருந்து அந்த போட்டோவை நீக்கிவிடச் சொல்லி அவனே சொல்லிவிட்டான். அடுத்த மாதம் அவன் செங்கல்லைக் கொண்டுவந்தாலும் கல்மரம் என்றே சொல்வேன் என்று பலராமன் சத்தியம் பண்ணியிருக்கிறார், அவர் வாய் நிற்காது, பார்ப்போம்.

அவர்கள் போனதும் கல்லோடு நடுவீட்டில் நின்றேன். அத்தை சொன்னபடி என்றால் அப்படியே கடலுக்குப் போக வேண்டும். போகவில்லை. ஷோகேஸில் வைத்தேன், இத்தனை வருஷம் நான் சண்டை போட்ட இடம் அதுதான், இனி எடுத்துக்கொண்டு போக ஆளில்லை. வைத்துவிட்டுப் பார்த்தால் சகிக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு பாக்கெட் மாவு வாங்கிவந்தேன், பாக்கெட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாம், வைக்காமல் உங்கம்மா குண்டானைக் கழுவி அதில் ஊற்றி, மூடியைப் போட்டு, கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். காலையில் பார்த்தால் மாவு பொங்கி மூடியைத் தூக்கப் பார்த்திருக்கிறது, கல் விடவில்லை. தோசை ஊற்றினேன், முதல் தோசை பிய்ந்துவிட்டது, அடுத்தது வந்தது. நின்றுகொண்டே தின்றேன், இன்னொன்று ஊற்றினேன். எனக்குப் பசித்தது, சந்தியா. நீ கேட்டதற்குப் பதில், நான் இன்னும் அழவில்லை. ஆனால் பசித்தது, அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

பிள்ளைக்குக் குல்லா போடாமல் வெளியே தூக்கிப் போகாதே. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். ஊறுகாய் அத்தை போட்டது, உப்பு மட்டும் நம் பாத்தியில் வாரியது. நீ தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உங்கம்மா சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன். அத்தை போன் பண்ணினால் கல்லைப் பற்றி மூச்சு விடாதே. அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் குண்டானோடு தூக்கி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன், அவள் போனதும் மறுபடி வெளியே எடுத்து அதன் இடத்தில் வைக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தேசப்பன்