வருஷ விருந்துக்கு வளத்த குதிரை

என் ராசா எர்மெக்குக்கு, கரா-சூவுல இருந்து அம்மா எழுதுறேன். உடம்பு சுகமா, வேலை சுகமா, ரஷ்யாவுல அந்தக் கசான் ஊர்க் குளிர் உன்னை விட்டுவெச்சிருக்கா? நாங்க இருக்கோம். வழக்கப்படி கால்நடையெல்லாம் சுகமான்னு மட்டும் திருப்பிக் கேக்காதே, அதைச் சொல்லத்தான் எழுதுறேன். உங்கப்பா போய் வருஷம் திரும்புறப்போ ஊருக்குப் போடுற வருஷ விருந்துக்கு அறுக்கணும்னு வளத்த குதிரையை வித்துட்டேன். அதுமேல கை வெச்சா நான் ஊருக்கே வரமாட்டேன்னு போன்ல நீ கத்துனது இன்னும் காதுலயே இருக்கு. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கோவப்படு.

நானும் உன் சித்தி அனார்குலும் போட்ட சண்டை உனக்குத் தெரியாததா? நான் சந்தையில சீனத்து கோட்டு விக்கிறவ, அவ பட்டறையில கோட்டு தைக்கிறவ. சீனச் சரக்குக்கு வரி போட்டு எல்லையை இழுத்துச் சாத்துனாத்தான் எங்க வயிறு நிறையும்பா. ஏண்டி, உன் கோட்டு ஒண்ணு வாங்க ஒரு ஆட்டை விக்கணும், இல்லாதப்பட்டவங்க விறைச்சுச் சாகட்டுமான்னு கேப்பேன். போ, சீனாக்காரனுக்கே வாக்கப்பட்டுப் போன்னுவா. ஒரே தட்டுல தின்னுக்கிட்டே அடிச்சுக்குவோம். அவ கேட்ட சுங்கவரி வந்துச்சு, என் கடைக்குப் பூட்டு. அவளுக்கு ரெண்டு குளிர்காலம் மூச்சுவிட நேரமில்லாத வேலை, அப்புறம் துணிக்கும் நூலுக்கும் ஜிப்புக்கும் அதே வரின்னு பட்டறையும் படுத்துருச்சு. ஜெயிச்சவ மூஞ்சியா அது, பாக்க முடியலடா. புருஷன் இல்லாதவ, ரெண்டு பொண்ணுகளோட நம்ம வீட்டுக்கே வந்துட்டா.

பிள்ளைகளுக்கு அரசாங்க உதவித்தொகை கேட்டோம். பாக்க வந்த ஆபீஸ் அம்மா, குதிரை நிக்கிற வீடு ஏழை வீடு இல்லைன்னுட்டா. இது என் வீட்டுக்காரர் வருஷ விருந்துக்கு வெச்சிருக்கிறதும்மா, நாங்க யாரும் ஏறக்கூட மாட்டோம்னேன். சட்டத்துல குதிரைன்னா குதிரைதான்னு போயிட்டா. சித்தி ஒரு வார்த்தை வித்துடுன்னு சொல்லல, மூட்டை கட்ட ஆரம்பிச்சா. எனக்கு நெஞ்சு தாங்கல. கால்நடைச் சந்தையில கயித்தைக் கைமாத்தும்போது அழுதுட்டேன். ஆபீஸுக்கு ஓடுனா, கணக்கெடுப்பு இனி அடுத்த வருஷம்தான், அதுவரை எங்க ஏட்டுல குதிரை உங்க வீட்டுலதான் நிக்குதுங்கிறாங்க, பாவிங்க. சரி, வித்த காசுல சாப்பிடுவோம்டின்னேன். அது அத்தானோட விருந்துச் சோறு, என் பிள்ளைங்க வாயில வெக்கமாட்டேன், நானே சம்பாதிச்சு அனுப்புறேன்னு பொண்ணுகளை என்கிட்ட விட்டுட்டு பஸ் ஏறிட்டா.

அவ உன் ஊருக்குத்தான் வர்றா. பஸ் ஸ்டாண்டுக்கு நீயே போய்க் கூட்டிக்கிட்டு வந்து சூடா எதாவது குடுத்துப் படுக்கவை. திட்டணும்னா என்னைத் திட்டு, அவகிட்ட மூஞ்சியைக் காட்டாதே. விருந்துக்கு ஆடு அறுக்கலாம்னு இருக்கேன், ஊர் சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகுது.

அல்லா உனக்குத் துணை நிக்கட்டும், நீ எடுத்த காரியம் கூடிவரட்டும். தொப்பி இல்லாம வெளிய போகாதே. இன்னொண்ணு, சின்னவ நேத்துல இருந்து என்னை அம்மாங்கிறா. இதை மட்டும் சித்திகிட்ட வாய்தவறிக்கூடச் சொல்லிடாதே.

உன் அம்மா
சைரகான்